பாம்பன் பாலத்தைக் கட்டிய கம்பெனியின் பங்கை வாங்கலாமா?

பணம் பற்றிய வாசகர் கேள்விகள் இந்த முறை ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து நிறைய வந்திருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை ரயில்வே பங்குகளைப் பற்றியவை. புதுப் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்த பிறகு இந்த ஆர்வம் வந்திருப்பது புரிகிறது. ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீளம், ஏனென்றால் மற்ற நான்கு பேரும் தெரிந்துகொள்ள வேண்டியது அதற்குள்ளேயே இருக்கிறது.

"வீட்டுக்காரர் விசைப்படகில் இருந்த தன் பங்கை விற்றுவிட்டு இப்போது வேறொருவர் படகில் போகிறார். கடனெல்லாம் அடைத்தது போக 6 லட்சம் கையில் நிற்கிறது. பாலத்தைக் கட்டிய ஆர்விஎன்எல், அப்புறம் ஐஆர்எஃப்சி, இரண்டிலும் போட்டால் பணமும் வளரும், மீன்பிடித் தடைக்காலத்துக்கு டிவிடெண்டும் (கம்பெனி தன் லாபத்தில் பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் பணம்) வரும் என்று சென்னையில் வேலை பார்க்கும் மகன் சொல்கிறான். மகள் கல்யாணத்துக்கு இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கிறது. போடலாமா?" – வாசகி, பாம்பன்

அம்மா, தடைக்காலச் சாப்பாட்டுக்கு என்று நினைக்கும் பணத்தில் ஒரு ரூபாயைக்கூட இதில் போடாதீர்கள். மகளுக்கு என்று ஒதுக்கும் பணத்தில் ஒரு சின்னப் பகுதியைப் போடலாம், அதுவும் அவசரமில்லாமல். உங்கள் மகன் தப்பான கம்பெனியைச் சொல்லவில்லை. ஆனால் வளர்ச்சி, வருமானம் என்ற இரண்டு வெவ்வேறு தேவைகளை ஒரே பங்கில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறார், அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை.

முதலில் ஒரு விஷயம். இந்திய ரயில்வே பங்குச் சந்தையிலேயே இல்லை, அது மத்திய அரசின் ஒரு துறை. டிக்கெட் காசும் நிலக்கரி ஏற்றிப்போகும் கூலியும் அரசு கஜானாவுக்குப் போகின்றன. சந்தையில் நாம் வாங்குவது ரயில்வேயைச் சுற்றி வேலை பார்க்கும் கம்பெனிகளைத்தான். ஆர்விஎன்எல் பாதையும் பாலமும் கட்டித் தருகிறது, ஐஆர்எஃப்சி கடன் திரட்டித் தருகிறது, ஐஆர்சிடிசி ஆன்லைன் டிக்கெட்டும் சாப்பாடும் பார்த்துக்கொள்கிறது, ரைட்ஸ் ஆலோசனை சொல்கிறது. இர்கான் இன்னொரு கட்டுமானக் கம்பெனி. நமக்கு எதிர்க்கரையில் தலைமன்னாருக்குப் போகும் ரயில் பாதையை, போர் முடிந்தபின் மறுபடி போட்டு 2015-ல் ரயில் ஓட வைத்தது இர்கான்தான். இத்தனை கம்பெனிக்கும் பெரும்பாலான வேலையைக் கொடுப்பதும் மத்திய அரசு, பெரிய பங்குதாரரும் மத்திய அரசு.

வீடு கட்டிக்கொடுத்த கொத்தனாருக்குக் கூலி ஒரு தடவைதான், அப்புறம் அந்த வீட்டில் வரும் வாடகை அவருக்கு வராது. பாம்பன் பாலமும் அப்படித்தான். 2.08 கிலோமீட்டர் நீளம், செலவு சுமார் 550 கோடி, 2025 ஏப்ரல் 6-ல் திறந்தார்கள். தூக்குப்பாலம் மேலே போவதை நீங்கள் எத்தனை தடவை பார்த்தாலும் அதிலிருந்து ஆர்விஎன்எல்லுக்குப் புதிதாகப் பணம் வராது, அடுத்த ஒப்பந்தம் கிடைத்தால்தான் வரும். முன்பு ரயில்வே தன் வேலைகளை நேராகவே அந்தக் கம்பெனியிடம் ஒப்படைத்துவந்தது, இப்போது அது மற்ற ஒப்பந்ததாரர்களோடு டெண்டரில் போட்டி போட்டுத்தான் பல வேலைகளை எடுக்க வேண்டியிருக்கிறது. போட்டி என்று வந்தால் லாப விகிதம் குறையும்.

கணக்கைப் பாருங்கள். 2019-ல் ஆர்விஎன்எல் பங்கு 19 ரூபாய்க்கு வெளியானது, 2024 ஜூலையில் 647 வரை போனது. ஆரம்பத்தில் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ஷ்டம், சந்தேகமே இல்லை. ஆனால் 2023-24-ல் அந்தக் கம்பெனியின் லாபம் சுமார் 1,570 கோடி, அதாவது ஒரு பங்குக்கு ஏழரை ரூபாய். 647 கொடுத்து வாங்கியவர் 85 வருட லாபத்தை முன்பணமாகக் கொடுத்து வாங்கியிருக்கிறார். அடுத்த வருடம், 2024-25-ல், லாபம் சுமார் 1,280 கோடியாகக் குறைந்தது. பாலம் வேலை முடிந்து ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த கணக்கு இது. டிவிடெண்ட்? 2023-24-க்குப் பங்குக்கு 2 ரூபாய் 11 காசு. உச்ச விலையில் 6 லட்சத்துக்கு வாங்கியிருந்தால் 927 பங்கு கிடைத்திருக்கும், வருடத்துக்கு வந்திருப்பது 2,000 ரூபாய்கூட இல்லை.

ஐஆர்எஃப்சி வேறு மாதிரி. அது சந்தையில் பத்திரம் போட்டுக் கடன் வாங்கி, அந்தப் பணத்தில் எஞ்சினும் பெட்டியும் வாங்கி ரயில்வேக்குக் குத்தகைக்கு விடுகிறது. தான் வாங்கிய வட்டிக்கு மேல் ஒரு சின்ன விகிதம் ஏற்கெனவே பேசி வைத்தபடி கிடைக்கும், ஒரு சதவீதத்தில் பாதிகூட இருக்காது. கட்டப்போவது அரசு என்பதால் வாராக்கடன் பயம் கிடையாது. பாதுகாப்பான தொழில்தான், ஆனால் வேகமாக வளரும் தொழில் இல்லை. 2021-22-ல் லாபம் சுமார் 6,090 கோடி, 2024-25-ல் சுமார் 6,500 கோடி. மூன்று வருடத்தில் லாபம் கூடியது அவ்வளவுதான். விலையைப் பாருங்கள்: 2021 ஜனவரியில் 26-க்கு வெளியான பங்கு 2024 ஜூலையில் 229 வரை ஏறி, 2025 மார்ச்சில் 110-க்குப் பக்கத்தில் இறங்கியது. லாபம் கிட்டத்தட்ட நின்ற இடத்தில் நிற்க, விலை மட்டும் மேலே போய்க் கீழே வந்திருக்கிறது. நான் இந்தக் கடிதங்களுக்கு இவ்வளவு பொறுமையாகப் பதில் எழுதுவதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

இதில் பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. பட்ஜெட்டில் ரயில்வேக்கு அதிகப் பணம் என்று செய்தி வந்தால் ஐஆர்எஃப்சியும் சேர்ந்து ஏறும். உண்மையில் அரசு தன் கஜானாவிலிருந்தே நேராகப் பணம் கொடுத்தால் ரயில்வே கடன் வாங்க வேண்டியதில்லை, அப்போது ஐஆர்எஃப்சிக்கு வேலை குறையும். 2023-24-லிருந்து அதுதான் நடந்தது. ரயில்வேயிடமிருந்து புதுக் கடன் வேலை வராமல் போனதால் மின்சாரம், நிலக்கரி போக்குவரத்து என்று வேறு அரசு நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்க அந்தக் கம்பெனி இறங்கியிருக்கிறது.

சரி, தடைக்காலத்துக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நிவாரணப் பணத்தை மட்டும் வைத்து வீடு நடத்த முடியாது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐஆர்எஃப்சி பங்கு 125 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 6 லட்சத்துக்கு 4,800 பங்கு கிடைக்கும். 2024-25-க்கு அவர்கள் கொடுத்தது பங்குக்கு 1 ரூபாய் 60 காசு, ஆக 7,680 ரூபாய், அதுவும் இரண்டு தவணையாக, அவர்கள் முடிவு செய்யும் மாதத்தில். அதே 6 லட்சத்தைத் தபால் அலுவலக மாதாந்திர வருமானத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 7.4 சதவீதத்தில் வருடத்துக்கு 44,400 ரூபாய். கணக்கு தொடங்கும் நாளில் உள்ள வட்டி 5 வருடத்துக்கும் மாறாது. ஒருவர் பெயரில் 9 லட்சம் வரை போடலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்றரை லட்சத்தைத் தபால் ஆபீஸில் போடுவேன். மாதம் 2,150 ரூபாய்க்கு மேல் வரும், அதைத் தொடாமல் சேமிப்புக் கணக்கிலேயே விட்டால் ஏப்ரல் வரும்போது 25,000-க்கு மேல் இருக்கும். ஒரு லட்சம் ஆஸ்பத்திரி, அவசரம் என்று வங்கி வைப்பில். மகளுக்கான மிச்சம் ஒன்றரை லட்சத்தை, நாட்டின் பெரிய கம்பெனிகள் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் ஒன்றரை, இரண்டு வருடத்துக்குப் பரவலாக, மாதாமாதம். அதில் 30,000 ரூபாயை வேண்டுமானால் மகன் சொல்லும் ரயில்வே பங்குகளில் போடட்டும். அது பாதியாகிப் போனாலும் கல்யாணம் நிற்காது. மகன் பெயரில் டீமேட் கணக்கு, அதாவது பங்குகளை வைத்திருக்கும் கணக்கு என்றால் பங்கு சட்டப்படி அவருடையது, அதனால் உங்கள் பெயரிலேயே கணக்கு தொடங்கி மகளை நாமினியாகப் போடுங்கள். மகன்மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, பணம் உங்களுடையது என்பது எழுத்திலும் இருக்கட்டும்.

இன்னொன்று. ஆர்டர் புக், அதாவது கம்பெனி கையில் இருக்கும் ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு, இத்தனை ஆயிரம் கோடி என்று மகன் காட்டுவார். ராமேஸ்வரம்–தனுஷ்கோடி ரயில் பாதைக்கு 2019 மார்ச்சில் பிரதமர் அடிக்கல் நாட்டினார், அந்தப் பாதையில் இன்னும் ரயில் போகவில்லை என்பதை உங்கள் ஊர்க்காரர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? அறிவிப்பு, டெண்டர், நில எடுப்பு, கட்டுமானம், பில் பாஸ் ஆவது என்று எல்லாம் கடந்துதான் ஆர்டர் லாபமாக மாறும். கம்பெனி தரும் காலாண்டுக் கணக்கில் லாபம் என்ற வரியை மட்டும் நான்கு காலாண்டுக்குப் பார்க்கச் சொல்லுங்கள், அது போதும்.

"பட்ஜெட்டுக்கு ஒரு மாதம் முன்னால் ரயில்வே பங்கு வாங்கி பட்ஜெட் அன்று விற்றால் நிச்சய லாபம், எஃப் அண்ட் ஓ-வில் செய்தால் பல மடங்கு என்று வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள். வாரன் பஃபெட்டே ரயில்வே கம்பெனி வாங்கியவர்தானே?" – வாசகர், வயது 24, தொண்டி

தம்பி, அந்தக் குழுவிலிருந்து இன்றைக்கே வெளியே வாருங்கள். "நிச்சயம்" என்ற சொல்லைப் பங்குச் சந்தையில் சொல்பவர், சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியிடம் பதிவு செய்த ஆலோசகராக இருக்கவே முடியாது, பதிவு செய்தவர்களுக்கு அப்படிச் சொல்ல அனுமதி இல்லை. பதிவு எண்ணைக் கேளுங்கள், செபி இணையதளத்தில் சரிபாருங்கள். பெரும்பாலும் எண்ணைக் கேட்டதுமே உங்களைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

பட்ஜெட் கதை எல்லாருக்கும் தெரிந்த கதை, அதனால்தான் அது பலிப்பதில்லை. 2024-25-ல் ரயில்வேக்கு மூலதனச் செலவாக சுமார் 2.52 லட்சம் கோடி ஒதுக்கினார்கள். 2025 பிப்ரவரி 1-ல் அடுத்த வருடத்துக்கும் கிட்டத்தட்ட அதே தொகைதான். சின்னத் தொகை இல்லை அது, ஆனால் இன்னும் கூடும் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே விலையை ஏற்றி வைத்திருந்தார்கள், அன்றைக்கே பங்குகள் சரிந்தன.

எஃப் அண்ட் ஓ, அதாவது பங்கின் வருங்கால விலை மேல் சின்ன முன்பணம் கட்டிப் போடும் ஒப்பந்த வியாபாரம் பற்றி என் கருத்தைவிட செபியின் கணக்கு பலமானது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று வருடத்தில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடிக்கு மேல். உங்கள் வயதில் சம்பாதிக்கும் காசு அந்தக் கணக்கில் போய்ச் சேரக் கூடாது என்று மனதாரச் சொல்கிறேன்.

பஃபெட் விஷயம் உண்மை. அவருடைய பெர்க்ஷயர் ஹாத்தவே 2010-ல் பிஎன்எஸ்எஃப் என்ற அமெரிக்க ரயில்வேயை முழுசாகவே வாங்கியது. ஆனால் அங்கே ரயில்வே கம்பெனிக்குப் பாதையும் சொந்தம், சரக்கு ஏற்றும் கூலியையும் பெரும்பாலும் தானே முடிவு செய்யலாம், 1980-ல் வந்த சட்டம் அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது. யூனியன் பசிஃபிக் என்ற கம்பெனி 1899 முதல் விடாமல் டிவிடெண்ட் கொடுத்துவருகிறது. வளர்ச்சிக்கும் வருமானத்துக்கும் ரயில்வே பங்கு என்று இணையத்தில் எழுதுகிறார்கள் இல்லையா, அந்தப் பேச்சு பெரும்பாலும் அங்கிருந்து வருவது.

இங்கே முடிவு அரசின் கையில். 2021 அக்டோபர் 28-ல், ஆன்லைன் டிக்கெட்டுக்கு வாங்கும் வசதிக் கட்டணத்தில் பாதியைத் தனக்குத் தர வேண்டும் என்று ரயில்வே அமைச்சகம் ஐஆர்சிடிசியிடம் சொன்னது. மறுநாள் காலை பங்கு கால்வாசி அளவுக்கு விழுந்தது, அன்றைக்கே அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது, விலையும் எழுந்தது. காலையில் பயந்து விற்றவருக்கு மட்டும் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. அரசு கம்பெனி என்றால் பாதுகாப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள். கம்பெனி மூழ்காது என்பது வேறு, உங்கள் பங்கின் விலை நிற்கும் என்பது வேறு.

"உச்சிப்புளி பக்கம் பரம்பரை நிலத்தை விற்றதில் 10 லட்சம் ஆதாயம். ஐஆர்எஃப்சியில் போட்டால் வரி இல்லை என்று ஒருவர் சொன்னார். மருமகனிடம் சொல்லிப் பங்கு வாங்கலாம் என்று இருக்கிறேன்." – வாசகர், உச்சிப்புளி

ஐயா, கொஞ்சம் பொறுங்கள், வாங்க வேண்டாம். வரிச் சலுகை ஐஆர்எஃப்சியின் கடன் பத்திரத்துக்கு, பங்குக்குக் கிடையாது. இரண்டும் ஒரே கம்பெனியுடையது என்பதால் இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு வருகிறது.

1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்ணால் 54இசி என்று அறியப்படும் பத்திரங்கள் அவை. நிலமோ வீடோ இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், விற்ற 6 மாதத்துக்குள் ஆதாயத் தொகையை, 50 லட்சம் வரை, அதில் போடலாம். போட்ட தொகைக்கு மூலதன ஆதாய வரி இல்லை. 5 வருடத்துக்கு எடுக்க முடியாது, அடமானமும் வைக்க முடியாது. வட்டி 5.25 சதவீதம், அந்த வட்டிக்கு வரி உண்டு. வட்டி குறைவு என்று தோன்றும், ஆனால் 10 லட்சம் ஆதாயத்துக்கு 12.5 சதவீதம் வரி என்றால் 1,25,000 ரூபாய் மிச்சமாகிறது, அதையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல கணக்குதான்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள். நீங்கள் விற்றது விவசாய நிலமா? நகராட்சி, பேரூராட்சி எல்லையிலிருந்து சட்டம் சொல்லும் தூரத்துக்கு அப்பால் இருக்கும் கிராமத்து விவசாய நிலம் என்றால் அந்த ஆதாயத்துக்கு வரியே கிடையாது. அப்படியானால் பத்திரமும் தேவையில்லை. பட்டா, சிட்டா, அடங்கல் எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் ஒரு ஆடிட்டரை நேரில் பாருங்கள். 6 மாதக் கெடு நிலத்தின் கிரயப் பத்திரத்தைப் பதிவு செய்த தேதியிலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டது, மறந்துவிடாதீர்கள்.

"வட்டி கலக்காத முதலீடு வேண்டும். ரயில்வே பங்குகள் ஆகுமா?" – வாசகர், கீழக்கரை

ஐஆர்எஃப்சி ஆகாது என்றுதான் சொல்வேன், கடன் வாங்கிக் கடன் கொடுப்பதே அதன் முழுத் தொழில். ரைட்ஸ், ஐஆர்சிடிசி போன்றவை வேலை செய்து சம்பாதிப்பவை, ஆனாலும் வங்கியில் போட்டு வைத்த பணத்துக்கு வட்டி வரும், அது எத்தனை விகிதம் என்று பார்க்க வேண்டும். ஷரியா விதிகளைக் கொண்டு கம்பெனிகளைச் சலிக்கும் நிஃப்டி 500 ஷரியா என்ற குறியீடு ஒன்று இருக்கிறது, நீங்கள் பார்க்கும் கம்பெனி அதில் இருக்கிறதா என்று தேடலாம். மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேளுங்கள், அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

"ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்கொடைப் பணத்தில் 3 லட்சத்துக்கு ஆர்விஎன்எல் பங்கை 610 ரூபாய்க்கு வாங்கினேன். விலை இறங்கிவிட்டது. இன்னும் வாங்கி ஆவரேஜ் செய்யலாமா? மிச்சம் 12 லட்சம் வங்கியில் இருக்கிறது." – வாசகர், மண்டபம்

விலை இறங்கியபோது மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைக்கும் இந்த ஆவரேஜ் வேலையைச் செய்யாதீர்கள் ஐயா. நீங்கள் உழைத்த துறை மேல் உங்களுக்கு இருக்கும் பற்றை மதிக்கிறேன், அந்தக் காற்றில் பாதையைக் காப்பாற்றியவர்கள் நீங்கள். ஆனால் உங்கள் ஓய்வூதியம் மத்திய அரசிடமிருந்து வருகிறது, ஆர்விஎன்எல்லுக்கு வேலை வருவதும் பெரும்பாலும் அதே கையிலிருந்துதான். வேறு இடத்தில் இருக்க வேண்டிய பணத்தையும் அங்கேயே குவிக்க வேண்டாம்.

12 லட்சத்தில் அவசரத்துக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் வைத்துக்கொண்டு மீதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். இப்போது 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும், 30 லட்சம் வரை போடலாம். 10 லட்சம் போட்டால் காலாண்டுக்கு 20,500 ரூபாய்.

கையில் இருக்கும் பங்கை என்ன செய்வது? 610 என்ற எண்ணை மறந்துவிடுங்கள், சந்தைக்கு அந்த எண் தெரியாது. அடுத்த ஐந்து வருடத்தில் இந்தப் பணம் எதற்கும் தேவைப்படாது என்றால் பாதியை வைத்துக்கொண்டு லாபம் ஏறுகிறதா என்று ஒவ்வொரு காலாண்டும் பாருங்கள், இன்னொரு பாதியை விற்றுவிடலாம். வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அது நீண்டகால நஷ்டம். வேறு பங்கிலோ நிலத்திலோ வரும் நீண்டகால ஆதாயத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம், இந்த வருடம் ஆதாயம் இல்லையென்றால் 8 வருடம் வரை கொண்டுபோகலாம். அதற்கு அந்த வருடத்து வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள்.